ஃப்ளூவை மறக்காத செல்கள்: நம் உடலின் நினைவும், ஆண்டுதோறும் தடுப்பூசி கேட்கும் காரணமும்

2009-ஆம் ஆண்டு பன்றிக் காய்ச்சல் பரவியபோது நம் ஊர்களில் இருந்த பதற்றம் பலருக்கும் நினைவிருக்கும். மருந்துக் கடைகளில் முகக்கவசம் கிடைக்கவில்லை. யாராவது தும்மினால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நகர்ந்தார். சளி மாதிரிகள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குச் சோதனைக்குப் போயின.

அந்தக் காய்ச்சலில் ஒரு விசித்திரம் இருந்தது. வழக்கமாக ஃப்ளூ பரவினால் கடுமையாகப் பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். 2009-இல் நடந்தது வேறு. பள்ளி செல்லும் பிள்ளைகளும் இருபது, முப்பது வயதுக்காரர்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அறுபதைக் கடந்தவர்களுக்குத் தொற்று குறைவாகவே இருந்தது. திடகாத்திரமான பேரன் காய்ச்சலில் துவண்டு கிடக்க, எண்பது வயது உம்மம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிக்குத் துணி நனைத்துப் போடுகிற காட்சி அந்த ஆண்டில் நடக்கக் கூடியதாக இருந்தது.

இது எப்படி? முதியவர்களின் உடல் பலவீனமானது என்பதுதானே நாம் அறிந்தது? பதில், நம் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் 'பி செல்கள்' என்ற மிகச் சிறிய உயிரணுக்களிடம் இருக்கிறது. அவை நோயை எப்படி அடையாளம் காண்கின்றன, எப்படி நினைவில் வைக்கின்றன, அந்த நினைவு எங்கே உதவுகிறது, எங்கே ஏமாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், "ஃப்ளூ ஊசியை ஏன் ஆண்டுதோறும் போட வேண்டும்?", "போட்ட பிறகும் காய்ச்சல் வந்ததே?" என்ற நம் வீட்டுக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ஃப்ளூ எது, சளி எது?

மூக்கு ஒழுகி இரண்டு நாள் தும்மினால் அதையும் ஃப்ளூ என்று சொல்லிவிடுகிறோம். சாதாரணச் சளிக்குக் காரணமான வைரஸ்கள் வேறு. ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்ஸா வைரஸால் வருவது. திடீரெனக் கடும் காய்ச்சல், உடம்பு அடித்துப் போட்டது போன்ற வலி, தலைவலி, வறட்டு இருமல், எழுந்திருக்க முடியாத சோர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். ஆனால் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது நிமோனியாவாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த வைரஸ் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதன் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் இரண்டு வகை உண்டு. 'ஹீமக்ளூட்டினின்' என்ற முள், நம் மூச்சுக்குழாய் செல்களைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. 'நியூராமினிடேஸ்' என்ற முள், உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் செல்லை அறுத்துக்கொண்டு வெளியேற உதவுகிறது. எச்1என்1, எச்3என்2 என்று செய்திகளில் படிக்கிறோமே, அந்த 'எச்' முதல் முள்ளையும் 'என்' இரண்டாவது முள்ளையும் குறிக்கின்றன. பின்னால் வரும் எண்கள் அந்த முட்களின் வகைகள்.

ஹீமக்ளூட்டினினைக் காளான் வடிவில் நினைத்துக்கொள்ளலாம். மேலே குடை போன்ற தலை, கீழே தண்டு. செல்லைப் பற்றுவது தலைப்பகுதி. இந்தத் தலை, தண்டு என்ற வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

'பி' என்ற எழுத்து எங்கிருந்து வந்தது?

இந்தப் பெயருக்குப் பின்னால் கோழி இருக்கிறது. கோழியின் பின்புறம், கழிவு வெளியேறும் பாதையை ஒட்டி ஒரு சிறு பை உண்டு. இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஃபாப்ரிசியஸ் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அதை விவரித்திருந்தார். 'ஃபாப்ரிசியஸின் பர்ஸா' என்று அதற்குப் பெயர். ஆனால் அந்தப் பை எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

1950-களில் அமெரிக்காவின் ஒஹையோவில் ப்ரூஸ் க்ளிக் என்ற ஆய்வு மாணவர், குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை அகற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கோழிகள் சிலவற்றை, வகுப்பில் நோய் எதிர்ப்பைக் காட்டுவதற்காக டிமோதி சாங் என்ற சக மாணவர் வாங்கிப் போனார். கிருமியைச் செலுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாக வேண்டும். பை அகற்றப்பட்ட கோழிகளில் அது உண்டாகவே இல்லை. தோற்றுப்போன அந்த வகுப்புச் சோதனைதான் பெரிய கண்டுபிடிப்பாக மாறியது. அவர்களின் கட்டுரை 1956-இல் கோழி வளர்ப்பு அறிவியலுக்கான ஓர் இதழில் வெளியானது. பத்தாண்டுகளுக்குப் பிறகே மருத்துவ உலகம் அதன் அருமையை முழுதாக உணர்ந்தது.

பர்ஸாவின் முதல் எழுத்தே 'பி'. மனிதர்களுக்கு அந்தப் பை இல்லை. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன.

வைரஸ் வருமுன்பே தயாராக இருக்கும் படை

ஒவ்வொரு பி செல்லின் மேற்பரப்பிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு செல்லில் உள்ள ஏற்பிகள் எல்லாம் ஒரே வடிவம். ஆனால் பக்கத்துச் செல்லின் ஏற்பி வேறு வடிவம். இப்படிக் கோடிக்கணக்கான செல்கள், கோடிக்கணக்கான வடிவங்கள்.

நம் மரபணுக்களோ சுமார் இருபதாயிரம்தான். அப்படியிருக்க இத்தனை வடிவங்கள் எப்படி வந்தன? ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு டோனிகவா இதற்கு விடை கண்டார். பி செல் உருவாகும்போது, ஏற்பிக்கான மரபணுத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் வெட்டி, கலைத்து, புதிதாக ஒட்டிக்கொள்கிறது. இதற்காக அவருக்கு 1987-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதில் வியப்பு என்னவென்றால், வைரஸைப் பார்த்த பிறகு உடல் ஆயுதம் செய்வதில்லை. இன்னும் பார்த்தேயிராத வைரஸுக்கும் பொருந்தக்கூடிய ஏதோ ஒரு பி செல் ஏற்கெனவே நம் உடலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறந்து சில நாளான குழந்தைக்கும் இது பொருந்தும். பொருந்துகிற செல் மிகச் சிலவே என்பதுதான் சிக்கல். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துப் பெருக்க உடலுக்கு நேரம் வேண்டும்.

நெறி கட்டுகிற இடத்தில் நடப்பது

தொண்டை வலியின்போது கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வீட்டில் தடவிப் பார்ப்பார்கள். கையில் ஊசி போட்டால் சிலருக்கு அக்குளில் நெறி கட்டும். அந்த இடங்களில் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. வைரஸின் துண்டுகள் நிணநீர் வழியாக அங்கே வந்து சேர்கின்றன. அங்கே வந்துபோகும் பி செல்களில் பொருந்துகிற ஒன்று வைரஸின் முள்ளைப் பற்றியதும், அதற்கு விழிப்பு வருகிறது. உடனே அது போரில் இறங்கிவிடுவதில்லை. 'டி செல்' என்ற இன்னொரு வகைச் செல், "இது உண்மையான எதிரிதான்" என்று உறுதி செய்ய வேண்டும். இந்த இரட்டைச் சரிபார்ப்பு, நம் உடலையே நம் படை தவறாகத் தாக்காமல் இருக்க உதவும் ஏற்பாடு.

அனுமதி கிடைத்ததும் அந்தச் செல் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து பெருகுகிறது. முடிச்சு வீங்குகிறது. நாம் தொட்டு உணர்வது இந்தப் பெருக்கத்தைத்தான்.

அதன் பிறகு முடிச்சுக்குள் நடப்பது ஒரு பயிற்சிப் பட்டறை. பெருகும் பி செல்கள் தங்கள் ஏற்பியின் மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளை உண்டாக்கிக்கொள்கின்றன. சாதாரணச் செல்லில் நடப்பதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் இந்த மாற்றங்கள் நடக்கின்றன. பெரும்பாலான பிழைகள் ஏற்பியைக் கெடுத்துவிடும். அந்தச் செல்கள் இறந்துபோகும். ஒரு சில பிழைகள் ஏற்பியை வைரஸோடு இன்னும் இறுக்கமாகப் பொருந்த வைக்கும். அந்தச் செல்களே உயிர் பிழைத்து மறுபடி பெருகும். இப்படிச் சுற்றுக்குச் சுற்று சலித்துச் சலித்து, நாட்கள் செல்லச் செல்ல எதிர்ப்பின் தரம் உயர்கிறது.

பயிற்சி முடித்த செல்கள் இரண்டு வேலைகளுக்குப் பிரிகின்றன. ஒரு பிரிவு 'பிளாஸ்மா செல்கள்'. இவை ஏற்பியின் வடிவத்திலேயே 'ஆன்டிபாடி' என்ற எதிர்ப்பொருளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்து ரத்தத்தில் கொட்டுகின்றன. ஆன்டிபாடிகள் வைரஸ் முட்களின் தலையில் ஒட்டிக்கொண்டால், வைரஸால் நம் செல்லைப் பற்ற முடியாது. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலத்துக்கென்றே ஒரு வகை ஆன்டிபாடி உண்டு. அது வாசலிலேயே காவல் நிற்கிறது.

இன்னொரு பிரிவு 'நினைவு செல்கள்'. இவை எதையும் சுரப்பதில்லை. அமைதியாக உடலில் உலவுகின்றன. அதே வைரஸ் திரும்ப வந்தால் முதல் முறை போலத் தேடி அலையத் தேவையில்லை. சில நாட்களிலேயே பெரும் படை எழுந்துவிடும். முன்பு ஃப்ளூவைக் கண்ட ஒருவருக்குத் தடுப்பூசி போட்டால், ஏறத்தாழ ஏழாவது நாளில் ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகின்றன.

தொண்ணூறு ஆண்டுகள் மறக்காத நினைவு

இந்த நினைவு எவ்வளவு காலம் நீடிக்கும்? இதற்கு விடை தந்தவர்கள், 1918-ஆம் ஆண்டின் 'ஸ்பானிஷ் ஃப்ளூ'வில் உயிர் தப்பியவர்கள்.

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் பரவிய அந்தக் காய்ச்சல் உலகெங்கும் சுமார் ஐந்து கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, இங்கே மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. அப்போது வைரஸை யாரும் பிரித்தெடுக்கவில்லை. மனித ஃப்ளூ வைரஸ் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்டதே 1933-இல்தான். பின்னர் அலாஸ்காவின் உறைபனி நிலத்தில் புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் நுரையீரலிலிருந்தும், அமெரிக்க ராணுவம் பாதுகாத்து வைத்திருந்த திசுக்களிலிருந்தும் அந்த வைரஸின் மரபணு படித்தறியப்பட்டது. 2005-இல் பலத்த பாதுகாப்புள்ள ஆய்வகத்தில் அது மீண்டும் உருவாக்கப்பட்டது.

அதன் பிறகு அமெரிக்க விஞ்ஞானிகள் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் காய்ச்சலைச் சிறு பிள்ளைகளாகக் கடந்து வந்தவர்களின் உடலில் இன்னும் அந்த நினைவு இருக்குமா? 91 வயது முதல் 101 வயது வரையிலான 32 பேர் ரத்தம் கொடுக்க முன்வந்தார்கள். சிறு வயதில் தம் வீட்டில் யாராவது அந்தக் காய்ச்சலில் படுத்தது அவர்களில் பலருக்கு நினைவிருந்தது.

32 பேருமே 1918 வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேரின் ரத்தத்திலிருந்து பி செல்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அந்தச் செல்களிலிருந்து கிடைத்த ஐந்து ஆன்டிபாடிகள் 1918 வைரஸோடு மிக இறுக்கமாக ஒட்டின. அவற்றைச் செலுத்தியபோது, அந்த வைரஸ் தொற்றிய எலிகள் காப்பாற்றப்பட்டன. 2008-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இது.

ஒரு மனிதரின் பி செல்கள் குழந்தைப் பருவத்தில் கண்ட எதிரியைத் தொண்ணூறு ஆண்டுகள் மறக்காமல் இருந்திருக்கின்றன. 2009-இல் முதியவர்கள் தப்பியதன் காரணமும் இதுவே. அந்த ஆண்டின் வைரஸ், 1918 வைரஸின் வழித்தோன்றல் ஒன்று பன்றிகளிடம் நெடுநாள் தங்கி, அதிகம் மாறாமல் திரும்பி வந்தது. அதன் முள் புதியது என்று இளைஞர்களின் உடல் நினைத்தது. சிறுவயதில் அதன் நெருங்கிய உறவைப் பார்த்திருந்த முதியவர்களின் உடலோ, "உன்னை எனக்குத் தெரியுமே" என்றது.

அப்படியானால் ஃப்ளூ ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

தட்டம்மை ஒருமுறை வந்தால் வாழ்நாளில் மறுபடி வருவது அரிது. காரணம், தட்டம்மை வைரஸால் தன் முக்கியமான பகுதிகளை மாற்றிக்கொள்ள முடிவதில்லை. ஃப்ளூ வைரஸ் அப்படியல்ல. அது தன் மரபணுவைப் பிரதி எடுக்கும்போது நிறையப் பிழை விடுகிறது. ஹீமக்ளூட்டினினின் தலைப்பகுதி சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகிறது. சில ஆண்டுகளில் பழைய ஆன்டிபாடி பிடிக்க முடியாத அளவுக்கு அந்தத் தலை வேறாகிவிடுகிறது. எதிரியின் முகத்தை நம் செல்கள் மறக்கவில்லை. எதிரிதான் முகத்தை மாற்றிக்கொண்டு வருகிறான்.

இதை முதலில் கசப்பாக உணர்ந்தவர்கள் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள். தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற விஞ்ஞானி, பின்னாளில் போலியோ தடுப்பூசியால் புகழ்பெற்ற ஜோனஸ் சால்க்குடன் சேர்ந்து ஃப்ளூ தடுப்பூசியை உருவாக்கியிருந்தார். தொடக்கத்தில் நன்றாகவே பலன் தந்தது. ஆனால் 1947-இல் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே அளவில் காய்ச்சல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் வைரஸ் மாறிப்போயிருந்தது.

இது மெல்ல நடக்கும் மாற்றம். திடீர் மாற்றமும் உண்டு. ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. மனிதரின் வைரஸும் பறவையின் வைரஸும் ஒரே செல்லில் சந்தித்தால், துண்டுகள் கலந்து முற்றிலும் புதிய முள்ளோடு ஒரு வைரஸ் பிறக்கலாம். 1957-இல் அப்படிப் பிறந்த எச்2என்2 வைரஸ், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னையில் இறங்கியே இந்தியா முழுவதும் பரவியது. 1968-இல் எச்3என்2 வந்தது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே உலவுகின்றன.

முதல் ஃப்ளூ பதிக்கும் முத்திரை

ஃபிரான்சிஸ் வெவ்வேறு வயதினரின் ரத்தத்தைச் சோதித்தபோது இன்னொன்றைக் கவனித்தார். ஒருவர் வாழ்க்கையில் எத்தனை வகை ஃப்ளூவைச் சந்தித்திருந்தாலும், குழந்தைப் பருவத்தில் முதலில் சந்தித்த வகைக்கு எதிரான ஆன்டிபாடியே அவர் ரத்தத்தில் ஓங்கியிருந்தது. 1960-இல் அவர் இதை விரிவாக எழுதினார்.

காரணம் நினைவு செல்களின் அவசரம். சற்று மாறிய வைரஸ் வரும்போது, பழைய நினைவு செல்கள் முதலில் பாய்கின்றன. புதிய முகத்தை நன்றாகப் பிடிக்கக்கூடிய புதிய பி செல்களுக்கு வாய்ப்புக் குறைந்துவிடுகிறது. அதனால் எதிர்ப்பு உண்டாகிறது, ஆனால் பழைய வைரஸுக்கு ஏற்ற எதிர்ப்பாக இருக்கிறது. இது நினைவின் பலவீனம்.

அதே நினைவு வேறு சமயத்தில் பலமாகிறது. 1957-இல் மறைந்துபோன எச்1என்1 வகை 1977-இல் திரும்பி வந்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் 25 வயதுக்கு உட்பட்டவர்களே. மூத்தவர்களின் செல்களுக்கு அதைத் தெரிந்திருந்தது.

இதைவிட ஆச்சரியமான ஒன்று 2016-இல் தெரியவந்தது. கோழிகளிடமிருந்து மனிதருக்குத் தாவிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் இளையவர்களையே அதிகம் கொன்றது. சீனாவில் பரவிய எச்7என்9 முதியவர்களை அதிகம் கொன்றது. ஏன்? அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளின் பிறந்த ஆண்டை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, கோடு கிழித்தாற்போல் 1968-இல் பிரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் குழந்தையாக இருக்கையில் உலவியவை எச்1, எச்2 வகைகள். இவை எச்5-க்கு உறவு. 1968-க்குப் பின் பிறந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கண்டது எச்3. அது எச்7-க்கு உறவு. இந்த உறவு இருப்பது பெரும்பாலும் முள்ளின் தண்டுப் பகுதியில். தலை அடிக்கடி மாறினாலும் தண்டு அவ்வளவாக மாறுவதில்லை.

ஆகவே ஒருவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்பது, இன்னும் அவர் சந்திக்காத ஒரு ஃப்ளூவை அவர் உடல் எப்படித் தாங்கும் என்பதில் பங்கு வகிக்கிறது. தலையை விட்டுவிட்டுத் தண்டைக் குறிவைக்கும்படி பி செல்களைப் பழக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள். அது கைகூடினால் ஆண்டுதோறும் ஊசி என்ற தேவை குறையலாம்.

அதுவரை, ஆண்டுக்கொரு ஊசி ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது, வைரஸின் மாற்றம். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், தடுப்பூசியில் எந்த வைரஸ்கள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சென்ற ஆண்டின் ஊசி சென்ற ஆண்டின் முகத்துக்கானது.

இரண்டாவது காரணம் நம் உடலிலேயே இருக்கிறது. தடுப்பூசி போட்டவர்களின் எலும்பு மஜ்ஜையை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். ஊசி போட்ட நான்கு வாரத்தில் ஃப்ளூவுக்கு எதிரான பிளாஸ்மா செல்கள் அங்கே குடியேறியிருந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. நினைவு செல்கள் மிஞ்சினாலும், ஆன்டிபாடி உற்பத்தி குறைந்துவிடுகிறது.

ஊசி போட்டாலும் ஃப்ளூ வரவே வராது என்று சொல்ல முடியாது. வைரஸோடு நன்றாகப் பொருந்துகிற ஆண்டில், மருத்துவரை நாட வைக்கும் அளவிலான ஃப்ளூவை அது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. தொற்றினாலும் மருத்துவமனை வரை போகாமல் தடுப்பதில் அதன் பங்கு பெரிது. ஊசியால் ஃப்ளூ வரும் என்பது சரியல்ல. ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ் அல்லது அதன் துண்டுகள். மறுநாள் லேசான காய்ச்சலும் கைவலியும் வந்தால், அது நோய் எதிர்ப்பு மண்டலம் வேலை தொடங்கியதன் அடையாளம்.

நம் குடும்பங்களுக்கு

ஹஜ், உம்ரா செல்பவர்கள்: 2024 ஹஜ்ஜில் 18 லட்சம் பேர் கூடினார்கள். பல நாட்டு வைரஸ்களும் அங்கே சந்திக்கின்றன. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஹாஜிகளுக்குக் கட்டாயம் என்பது நமக்குத் தெரியும். ஃப்ளூ ஊசியும் பரிந்துரைக்கப்படுகிறது, குறிப்பாக முதியவர்களுக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும். நிணநீர் முடிச்சில் நடக்கும் அந்தப் பயிற்சிக்குச் சுமார் இரண்டு வாரம் தேவை. விமானம் ஏறும் முந்தைய நாள் போட்டால் பயணத்தின் முதல் நாட்களில் பாதுகாப்பு இருக்காது. குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைகள்: ஆறு மாதம் நிரம்பிய பிறகே ஊசி போடலாம். ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதன்முறையாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை. ஃப்ளூவை அதிகம் சந்தித்திராத உடலில் முதல் ஊசி செல்களை எழுப்புகிறது, இரண்டாவது ஊசி அந்த நினைவைத் தட்டிப் பெருக்குகிறது. இரண்டாவதைத் தவறவிடக் கூடாது.

கர்ப்பிணிகள்: தாய்க்குப் போடும் ஊசியால் உண்டாகும் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கின்றன. ஊசி போட முடியாத முதல் ஆறு மாதங்களுக்கு உம்மாவின் ஆன்டிபாடியே குழந்தைக்குக் கவசம்.

ஜெலட்டின் பற்றிய கேள்வி: மூக்கில் தெளிக்கும் ஒரு வகை ஃப்ளூ மருந்தில் பன்றி ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தரப்படுவதால் அங்குள்ள முஸ்லிம் பெற்றோர் கேள்வி எழுப்பினார்கள். வேண்டாம் என்பவர்களுக்கு அங்கே ஜெலட்டின் இல்லாத ஊசி தரப்படுகிறது. பொருள் முற்றிலும் வேறாக மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற அடிப்படையில், அத்தகைய ஜெலட்டினை அனுமதிக்கும் கருத்தை 1995-இல் குவைத்தில் கூடிய அறிஞர்கள் வெளியிட்டார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஊசியாகப் போடும் ஃப்ளூ மருந்துகளில் பெரும்பாலானவற்றில் ஜெலட்டினே இல்லை. ஆகவே பாட்டில் லேபிளைக் கேட்டுப் பார்த்துத் தெளிவு பெறலாம். சந்தேகத்தின் பேரில் ஊசியையே விட்டுவிடத் தேவையில்லை.

காய்ச்சல் வந்துவிட்டால்: ஃப்ளூ வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம். நியூராமினிடேஸ் முள்ளை முடக்கும் ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும். மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, குழந்தை பால் குடிக்க மறுப்பது, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது ஆகியவற்றில் ஏதாவது தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2009-இல் உம்மம்மாவைக் காத்தது, அவருடைய சிறுவயதில் எப்போதோ வந்துபோன ஒரு காய்ச்சலின் நினைவு. ஆனால் அந்தப் பாதுகாப்பு அந்த ஒரு வைரஸுக்கும் அதன் உறவுகளுக்கும் மட்டுமே. ஆண்டுதோறும் உலவும் எச்3என்2 வந்தால், முதலில் ஆபத்துக்குள்ளாவது அதே உம்மம்மாதான். "எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது, அந்தக் காலத்து உடம்பு" என்று அவர் சொன்னால், அந்த உடம்பின் நினைவாற்றலைப் பாராட்டிவிட்டு, இந்த ஆண்டின் ஊசிக்கும் கையோடு அழைத்துப் போவோம்.